புதைத்தலும் மீட்டலும்: மெய்நிகர் பொறிகளின் பதிவகங்கள் பற்றியதொரு வரலாறு

ஒரு தொழிலைச் செய்துகொண்டிருப்பவன் அதனை இடையில் நிறுத்திப் பிறிதொன்றை மேற்கொண்டு, சிறிது நேரத்தின் பின்னர் முன்னையதற்கு மீள்வானாயின், விட்ட இடத்தினின்றும் பிழையின்றித் தொடர்வதற்கு அவன் எவற்றை நினைவிற் பேணுதல் வேண்டும்? மனிதர் திறத்து இவ்வினா அத்துணைக் கடினமானதன்று. ஏதேனுமொன்றை மறந்தாலும் சுற்றுப்புறத்தைக் கண்டு ஊகித்து அவன் சமாளித்துக்கொள்வான். கணினிக்கோ ஊகம் என்பதொன்றில்லை. குறித்துவையாத ஒன்று அதற்கு இல்லாத ஒன்றேயாம். ஒரே கணினியைப் பல கணினிகள்போலத் தோன்றச்செய்து, அவற்றை மாறி மாறி இயக்கும் கலை கடந்த அறுபதாண்டுக் காலமாக வளர்ந்து வந்துள்ளது. அக்கலையின் வரலாற்றை ஆராய்வார்க்கு, அது பெரும்பாலும் இவ்வொரு வினாவைச் சுற்றியே நடந்தமை புலனாகும். வினாவிற்கு அளிக்கப்பட்ட விடைகள் பலமுறை குறையுடையனவாயின. அக்குறைகளாற் பொறிகள் பிழைபட இயங்கியதுமுண்டு. ஒருவருடைய இரகசியம் மற்றொருவர் கைக்கு எட்டியதுமுண்டு.

நம் துறைமுகத்தார்க்கு எளிதில் விளங்கத்தக்கதோர் உவமை கூறுவாம். ஓர் இறங்குதுறையில் ஒரேயொரு பாரந்தூக்கி நிற்க, அதன் இருமருங்கும் இரு கப்பல்கள் கட்டப்பட்டுள்ளன எனக் கொள்க. தூக்கி சிறிது நேரம் ஒரு கப்பலுக்கும் சிறிது நேரம் மற்றதற்கும் உழைக்கின்றது. முதற் கப்பலின் வேலையை நிறுத்துங்கால், எத்தனையாவது மூடை இறக்கப்பட்டது, தூக்கியின் கை எத்திசையில் நின்றது, கொளுக்கியில் தொங்கிய சுமை யாது, அடுத்த மூடையை எவ்வறையிலிருந்து எடுத்தல் வேண்டும் என்பவற்றைக் கணக்கன் ஏட்டிற் குறித்துக்கொள்கிறான். பின்பு இரண்டாங் கப்பலின் ஏட்டைத் திறந்து, அதில் எழுதியுள்ள நிலைக்கே தூக்கியைக் கொண்டுவருகிறான். இது செவ்வனே நடைபெறின், ஒவ்வொரு கப்பலின் தலைவனும் அத்தூக்கி தனக்கேயுரியது, இடையிடையே சற்றுத் தாமதிக்கின்றது என்று மட்டுமே எண்ணுவான். முதற் கப்பலின் சுமை கொளுக்கியில் தொங்கியபடியே தூக்கி இரண்டாங் கப்பலின் பக்கந் திரும்புமாயின் விளையுங் கேட்டை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கணினியிலே பாரந்தூக்கியின் இடத்தில் நிற்பது முறைவழியாக்கி. புரொசசர் என்று உலக வழக்கிற் சொல்லப்படுவது இதுவே. கணிக்கப்படும் எண்கள், அடுத்து நிறைவேற்றவேண்டிய கட்டளையின் முகவரி, பொறி இப்போது எவ்வதிகாரத்தோடு இயங்குகின்றது என்பதைக் காட்டும் அடையாளங்கள் ஆகியன அதனுள்ளே பதிவகங்கள் எனப்படும் சிலவாகிய சிற்றறைகளில் நிற்கின்றன. நினைவகம் பரந்தது, பதிவகங்களோ விரல்விட்டு எண்ணத்தக்கன. ஒரு மெய்நிகர் பொறியினின்றும் மற்றொன்றிற்கு மாறுங்கால், இப்பதிவகங்களின் உள்ளீட்டையெல்லாம் நினைவகத்தில் எழுதிவைத்துப் பின்னர் மீட்டெடுத்தல் வேண்டும். உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் நம் மாணவர் பணிசெயல் முறைமை என்னும் அலகிற் கற்பதும் இதன் ஒரு பகுதியே. ஆங்கு அவர் கற்பது ஒரு நிரலிலிருந்து மற்றொரு நிரலுக்கு மாறுதல். ஈண்டு நாம் கூறப்புகுவது ஒரு பணிசெயல் முறைமை முழுவதையும், அது தன்னை ஒரு தனிக்கணினியின் தலைவன் என்று நம்பிக்கொண்டிருக்கும் நிலையிலேயே, அகற்றிவைத்து மீளக் கொணர்தல்.

இவ்வெண்ணத்தின் முதல் வித்தை அலன் ரியூறிங் 1945இன் இறுதியில் எழுதிய திட்ட அறிக்கையிற் காணலாம். இங்கிலாந்தின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்திற்காக அவர் வகுத்த மின்னணுக் கணிபொறியின் வரைவு அது. (ரியூறிங்கின் தாயார் 1881இல் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரிற் பிறந்தவர், தாயாரின் தந்தை சென்னை மாகாணத்து இருப்புப்பாதையின் தலைமைப் பொறியியலாளர். தமிழ்நாட்டோடு இவர்க்கிருந்த இவ்வுறவை நம்மவர் பலர் அறியார்.) பெரிய கணக்கொன்றைச் செய்யும்போது அதன் நடுவே சிறிய துணைக்கணக்கொன்றிற்குச் சென்று திரும்ப வேண்டியிருக்கும். விட்ட இடத்தை ஒரு குறிப்பாக எழுதிவைத்துச் செல்க, மீளும்போது அக்குறிப்பைப் பார்த்துத் தொடர்க என்பது ரியூறிங்கின் கருத்து. குறிப்பை வைக்குஞ் செயலுக்குப் ‘புதைத்தல்’ என்றும், எடுக்குஞ் செயலுக்குப் ‘புதைத்ததை அகழ்தல்’ என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களை அவர் வழங்கினார். துணைக்கணக்கினுள்ளும் வேறொரு துணைக்கணக்கு வரக்கூடுமாதலின், குறிப்புக்கள் ஒன்றன்மேலொன்றாகப் புதைக்கப்பட்டு, இறுதியிற் புதைத்தது முதலில் அகழப்படும். எத்தனை குறிப்புக்கள் புதைந்துள்ளன என்பதற்கும் ஒரு குறிப்பு வேண்டும் என்பதை அவர் அன்றே கண்டுகொண்டார்.

புதைத்தல் என்னும் இச்சொல் திருகோணமலையார் செவியில் வேறொன்றை நினைவூட்டாமலிராது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தபோது, விக்கிரகங்கள் சில மண்ணிற் புதைக்கப்பட்டன. 1950இல் நகரிற் கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1963இல் புதுக்கப்பட்ட கோயிலின் கும்பாபிடேகம் நிகழ்ந்தது. புதைத்தோர் தம் கடமையைச் செவ்வையாகச் செய்தனர். உருவங்கள் முந்நூறாண்டு கழிந்தும் சிதையவில்லை. ஆயினும் இடத்தைச் சொல்லும் குறிப்பு எஞ்சாமையால், மீட்பு தற்செயலின் கையில் விடப்பட்டது. பொருளைச் சேமித்தல் ஒன்று. சேமித்த இடத்தின் முகவரியைக் கைவிடாது வைத்திருத்தல் மற்றொன்று. பதிவக வரலாற்றிலும் பின்னது முன்னதைவிட அரிதாயிருந்ததை மேலே காண்போம்.

நிற்க. ரியூறிங் கூறிய புதைத்தல் நிரல் தானே விரும்பிச் செய்வது. ஒரு நிரல் அறியாமலே அதனைத் தடுத்து நிறுத்தும் வழக்கம் 1950களில் தோன்றிற்று. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய நியமப் பணியகம் 1954இல் நிறைவேற்றிய டைசியாக் என்னும் கணினி, ஊர்திகளில் ஏற்றி ஊர்ஊராய்க் கொண்டுசெல்லத்தக்கதாய் அமைந்தது. அதில் அடுத்த கட்டளையின் முகவரியைக் காட்டும் பதிவகங்கள் இரண்டு இருந்தன. வெளிக்கருவியொன்று அழைத்ததும் பொறி ஒன்றை விட்டு மற்றொன்றைப் பற்றிக்கொள்ளும்; முன்னையது தன் இடத்திலேயே கெடாதிருக்கும். 1962 டிசெம்பரில் மஞ்செஸ்ரரில் தொடக்கிவைக்கப்பட்ட அற்லஸ் கணினி இம்முறையையே விரித்தது. பயனரின் நிரலுக்கு ஒன்று, முறைமையின் துணைநிரல்களுக்கு ஒன்று, இடைத்தடைக்கு ஒன்று என மூன்று கட்டுப்பாட்டுப் பதிவகங்கள் அதிலிருந்தன. எதனையும் எழுதிவையாமலே மாறுவதற்கு இது வசதியான வழிதான். இரண்டு மூன்று பேருக்கு ஒவ்வொரு கருவி கொடுத்துவிட்டால் எவரும் எவரையும் காத்திருக்க வேண்டியதில்லை. பதினான்கு பேர் வந்துவிட்டால் என் செய்வது?

பதினான்கு என்னும் எண்ணை யாம் வாய்க்கு வந்தபடி கூறவில்லை. அதன் காரணம் பின்னே வரும். 1964 ஏப்ரில் 7ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் தன் 360 வரிசைக் கணினிகளை அறிவித்தது. சிறியதும் பெரியதுமாகிய பல மாதிரிகள் ஒரே கட்டளைத் தொகுதியை ஏற்று நடக்கும் என்பது அதன் பெருமை. நமக்கு வேண்டுவது வேறொரு செய்தி. ஒரு நிரலின் உடைமையாகிய பதிவகங்கள் யாவை என்பது இங்கேதான் ஐயத்திற்கிடமின்றி ஏட்டில் வரையறுக்கப்பட்டது. 32 பிற்று கொண்ட பொதுப் பதிவகங்கள் 16. 64 பிற்று கொண்ட மிதவைப் புள்ளிப் பதிவகங்கள் 4. இவற்றோடு, நிரலின் நிலையைக் காட்டும் 64 பிற்றுச் சொல்லொன்று. கூட்டிப் பார்ப்பின் 64 பைற்று, 32 பைற்று, 8 பைற்று, ஆக 104 பைற்று. ஓர் அஞ்சலட்டையில் எழுதத்தக்க இச்சிறு தொகுதியை எடுத்துவைத்தால், நிரலின் அந்தநேரத்து உயிர்நிலை முழுவதையும் எடுத்துவைத்ததாகும்.

இடைத்தடை வந்ததும் பொறி தானாகச் செய்வது ஒன்றே: பழைய நிலைச்சொல்லை நினைவகத்தின் அடியிலுள்ள நியமித்த இடத்தில் எழுதி, புதிய நிலைச்சொல்லை அருகிலுள்ள மற்றோரிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். பதினாறு பொதுப் பதிவகங்களைக் காப்பது நிரலாளன் கடமை. அதற்கெனப் பல பதிவகங்களை ஒருங்கே எழுதும் கட்டளையொன்றும் ஒருங்கே மீட்குங் கட்டளையொன்றும் தரப்பட்டன. ஆயின் ஈண்டு நுண்ணிய இடர்ப்பாடு ஒன்று உண்டு. நினைவகத்தில் எழுதுவதற்கு முகவரி வேண்டும். முகவரி ஒரு பதிவகத்தில் நிற்றல் வேண்டும். எல்லாப் பதிவகங்களிலும் பிறருடைய பொருள் நிறைந்திருக்க, முகவரியை எங்கே வைப்பது? ஏட்டைத் திறப்பதற்குக் கை வேண்டும். இரு கைகளிலும் பிறர் சுமை. 360இன் வகுப்பாளர் இதற்கோர் எளிய வழி வைத்தனர். முகவரிக் கணக்கிற் பூச்சியமாம் பதிவகத்தைக் குறிப்பிட்டால், பொறி அதன் உள்ளீட்டைப் பாராது பூச்சியத்தையே கொள்ளும். ஆகவே நினைவகத்தின் முதல் 4096 பைற்றுக்களை எப்பதிவகத்தின் உதவியுமின்றித் தொடலாம். இந்த ‘இறுதிப் பதிவகம்’ என்னும் சிக்கலை வாசகர் மனத்திற் கொள்க. அது ஒவ்வொரு தலைமுறையிலும் திரும்ப வருகின்றது.

1964இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகம் தன் பெருந்திட்டமொன்றிற்கு ஐ.பி.எம்.மை விடுத்து வேறொரு நிறுவனத்தின் கணினியைத் தெரிந்தது. பலர் ஒருங்கே பயன்படுத்தும் கணினிக்கு 360இன் நினைவக அமைப்புப் பொருந்தாது என்பது அவர்கள் கருத்து. அந்நிறுவகத்தின் அயலிலே கேம்பிறிட்ஜ் நகரில் ஐ.பி.எம். நடத்திய அறிவியல் நிலையத்தார்க்கு இது தலைகுனிவாயிற்று போலும். நோர்மன் ராஸ்முசன் தலைமையில், றொபேட் கிறீசி என்பாரும் அவர் துணைவரும் அவ்வாண்டின் இறுதியில் ஒரு முயற்சியைத் தொடங்கினர். 360இன் 40ஆம் மாதிரிக் கணினியொன்றிற்கு முகவரிகளை மாற்றித்தரும் தனிக் கருவி பூட்டி, அதன்மேல் ஒரு கட்டுப்பாட்டு நிரலை எழுதினர். 1967 ஜனவரியில் அது வழக்கமான பயன்பாட்டிற்கு வந்தது. ஒவ்வொன்றும் 256 ஆயிரம் பைற்று நினைவகமுடையதெனத் தோன்றும் பதினான்கு கணினிகள், அந்த ஒரு கணினியினுள்ளே நிகழ்ந்தன. மெய்நிகர் பொறியென இன்று நாம் வழங்குவதன் முதல் வடிவம் இஃதே. இதன் வழித்தோன்றல் 67ஆம் மாதிரிக்கும், பின்பு 1972 ஓகஸ்டில் 370 வரிசைக்கும் வெளிவந்தது.

கிறீசி குழுவினர் எதிர்ப்பட்ட சிக்கல் 104 பைற்றுக்களைப் பெயர்த்தெழுதுவது மட்டுமன்று. மெய்நிகர் பொறியினுள் இயங்கும் பணிசெயல் முறைமை, தானே பொறியின் முழு அதிகாரி என்று தன் நிலைச்சொல்லில் எழுதிக்கொள்கின்றது. அவ்வதிகாரத்தை உண்மையிற் கொடுத்துவிட்டால் அது மற்றைப் பதின்மூன்று பொறிகளையும் சிதைத்துவிடக் கூடும். கொடாது விட்டால் அது தன் வேலையைச் செய்யமாட்டாது. ஆகவே கட்டுப்பாட்டு நிரல் ஒவ்வொரு பொறிக்கும் இரு நிலைச்சொற்களை வைத்துக்கொண்டது: அப்பொறி தனக்குண்டு என்று நம்புவது ஒன்று, முறைவழியாக்கியில் மெய்யாக ஏற்றப்படுவது மற்றொன்று. முன்னையது ஏட்டில் மட்டுமே வாழும். அதிகாரிக்கேயுரிய கட்டளையொன்றை உள்ளிருக்கும் முறைமை விடுக்குந்தோறும் பொறி தடைப்பட்டுக் கட்டுப்பாட்டு நிரலிடம் வரும். அது ஏட்டைப் பார்த்து, இம்முறைமை தன்னை அதிகாரி என்று நம்புகின்றதாயின் கேட்டதைத் தானே செய்ததுபோலச் செய்துகாட்டி, மீண்டும் ஓடவிடும். சேமித்து மீட்டல் என்பது உள்ளதை உள்ளவாறே பெயர்த்தெழுதுதல் என்னும் எண்ணம் இவ்விடத்து முடிவடைகின்றது. சில பதிவகங்களுக்கு உண்மை ஒன்று, தோற்றம் ஒன்று. இரண்டையுங் காத்தல் வேண்டும்; ஒன்றை மற்றொன்றின் இடத்தில் மறந்தும் வைத்தலாகாது.

இவ்வரிசைக் கணினி தமிழ்நாட்டிற்கும் வந்தது. சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகம் 1973இல் ஐ.பி.எம். 370இன் 155ஆம் மாதிரியை நிறுவிற்று. துளையட்டைகளோடு வரிசையில் நின்ற அக்கால மாணவர் கையாண்டது, மேலே கூறிய பதினாறு பொதுப் பதிவகங்களையே. 1970இல் வெளியிடப்பட்டபோது இம்மாதிரியில் முகவரிமாற்றும் உறுப்பு இருக்கவில்லை. வேண்டுவோர் பின்னர்ப் பொருள்கொடுத்துச் சேர்ப்பிக்க வேண்டியதாயிற்று. பதிவகம் எவ்வளவு செம்மையாய் வரையறுக்கப்பட்டிருப்பினும், நினைவகத்தைப் பிரித்துக்காட்டும் உறுப்பின்றி மெய்நிகர் பொறி இல்லை.

1974 யூலையில் ஜெரால்ட் போப்பெக், றொபேட் கோல்ட்பேர்க் ஆகிய இருவர் வெளியிட்ட கட்டுரை இக்கலைக்கு இலக்கணம் வகுத்தது. பொறியின் நிலையை மாற்றவல்ல கட்டளைகளும், அந்நிலையைப் பொறுத்துத் தம் செய்கை வேறுபடுங் கட்டளைகளும், அதிகாரமில்லாத நிரலொன்றால் விடுக்கப்படும்போது தவறாது தடைப்பட்டு மேற்பார்வையாளனிடம் வருமாயின், அப்பொறியின்மேல் மெய்நிகர் பொறிகளை அமைக்கலாம் என்பது அதன் சாரம். இலக்கணம் தெளிவானது. வருத்தத்திற்குரியது யாதெனின், அடுத்த முப்பதாண்டு உலகை ஆளப்போகும் முறைவழியாக்கிக் குடும்பம் அவ்விலக்கணத்தைப் பேணாமல் வளர்ந்தமையேயாம்.

இன்ரெல் நிறுவனத்தின் எக்ஸ்-86 குடும்பத்தையே கூறுகின்றேம். பென்ரியம் முறைவழியாக்கியின் கட்டளைகளை ஆராய்ந்து றொபின், இர்வின் என்னும் ஆய்வாளர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், இலக்கணத்தை மீறுங் கட்டளைகள் 17 எனக் காட்டினர். இடைத்தடையை ஏற்பதா மறுப்பதா என்னும் அடையாளத்தை மாற்ற முயலுங் கட்டளையொன்று அவற்றுட் சேரும். அதிகாரமில்லாதவன் அதனை விடுத்தால், பொறி தடுத்து முறையிடுவதில்லை, கேளாதது போலிருந்துவிடுகின்றது. கேட்டது நடந்துவிட்டது என்று உள்ளிருக்கும் முறைமை நம்பிக்கொள்கின்றது. கட்டுப்பாட்டு நிரலுக்கோ செய்தியே எட்டவில்லை. மறுப்பவனோடு வழக்காடலாம், மௌனமாகப் புறக்கணிப்பவனோடு என் செய்வது?

இதனினும் கடியது மறைபதிவகங்களின் சிக்கல். எக்ஸ்-86இல் நினைவகப் பகுதியைக் குறிக்கும் பதிவகங்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் பாதியும் தெரியாத பாதியும் உண்டு. தெரியும் பாதி 16 பிற்றுக் கொண்ட ஓர் எண். நினைவகத்திலுள்ள அட்டவணையொன்றின் எத்தனையாவது வரி என்பதை அவ்வெண் குறிக்கும். அதனைப் பதிவகத்தில் இட்ட மாத்திரத்தே பொறி அவ்வரியை வாசித்து, பகுதியின் தொடக்கம், எல்லை, உரிமை என்பவற்றைத் தன்னுள் மறைவாகப் பெயர்த்து வைத்துக்கொள்ளும். அதன் பின்னர் ஒருவன் அட்டவணையின் அவ்வரியை அழித்து வேறொன்றை எழுதினாலும், மறைவிலுள்ள பழைய பெயர்ப்பே செல்லுபடியாகும். இனி மாற்றம் நிகழ்கின்றது எனக் கொள்க. கட்டுப்பாட்டு நிரல் தெரியும் எண்ணை எழுதிவைக்கின்றது. மறைவிலுள்ளதை வாசிக்க வழியில்லை. மீட்கும்போது அவ்வெண்ணை மீள இட்டால், பொறி புதிய வரியை வாசித்து வேறொரு பகுதியைக் காட்டும். ஏட்டில் எழுதிய அனைத்தும் சரி. மீண்டது மட்டும் வேறொரு பொறி. மீட்கவொண்ணாப் பகுதிகள் என்று துறையாளர் இவற்றை வழங்கினர்.

1998இல் தோன்றிய வீ.எம்.வெயார் நிறுவனத்தார் இவ்விரு தடைகளையும் மென்பொருளாற் கடந்தனர். இடர்விளைக்குங் கட்டளைகளை ஓடுமுன்னரே கண்டுபிடித்து, வேறு கட்டளைகளாக மொழிபெயர்த்து ஓட்டுவது அவர்கள் உத்தி. மிக்க நுண்மையான வேலை. அவர்கள் திறமையைப் பாராட்டாதிருத்தல் முடியாது. ஆயினும் வன்பொருளின் குறையை மென்பொருள் எத்தனை காலம் மூடிமறைக்கும்? 2005 நவெம்பரில் இன்ரெலும் 2006 மேயில் ஏ.எம்.டி. நிறுவனமும் தத்தம் முறைவழியாக்கிகளில் மெய்நிகர் பொறிக்கென ஒரு தனி நிலையை அமைத்தன. பொறியின் நிலையைக் குறிக்கும் ஏடொன்று நினைவகத்தில் இருக்கும். உட்செல்லும்போதும் வெளியேறும்போதும் முறைவழியாக்கியே அதனை வாசித்து எழுதும். மறைபதிவகங்களின் தொடக்கமும் எல்லையும் உரிமையும் முதன்முதலாக ஏட்டில் இடம்பெற்றன.

இன்ரெலுக்கு இருபதாண்டுக்கு மேல் முன்னதாகவே ஐ.பி.எம். இவ்வழியைக் கண்டிருந்தது. 1980களின் தொடக்கத்தில் 370இன் விரிவாக்கத்தோடு வந்த கட்டளையொன்று, நினைவகத்திலுள்ள நிலைவிவரத்தை எடுத்துக்கொண்டு மெய்நிகர் பொறியைத் தொடக்கும். அவ்விவரத்தைப் பார்ப்பவர்க்கு ஒரு வியப்புத் தோன்றும். பதினாறு பொதுப் பதிவகங்களுள் 14ஆம் 15ஆம் பதிவகங்களுக்கு மட்டுமே அங்கு இடமுண்டு. எஞ்சிய பதினான்கையும் கட்டுப்பாட்டு நிரலே முன்னதாக நிரப்பிவிடுகின்றது. நிலைவிவரம் எங்குள்ளது என்று சுட்டுவதற்கு நிரலின் கையிற் பதிவகமொன்று எஞ்சியிருத்தல் வேண்டுமன்றோ? அதனைத் தானே நிரப்பிவிட்டால் சுட்டுவதற்கு ஒன்றுமில்லை. அக்கடைசிப் பொறுப்பை வன்பொருள் ஏற்றுக்கொள்கின்றது. ஏ.எம்.டி.யின் ஏட்டிலும் இதுவே. பொதுக்கணிப்பிற்குரிய பதிவகங்களுள் ஏ-எக்ஸ் எனப்படுவதையும் அடுக்கின் முகவரியைக் காட்டுவதையும் மட்டும் வன்பொருள் காக்கும். உட்செல்லுங் கட்டளை ஏட்டின் முகவரியை அந்த ஏ-எக்ஸ் பதிவகத்திலேயே எதிர்பார்க்கின்றது. கால் நூற்றாண்டு இடைவெளியில் இரு நிறுவனத்தாரும் ஒரே சிக்கலுக்கு ஒரே விடையைக் கண்டமை கருதத்தக்கது.

இதுகாறும் கூறியன மீட்பிற் பிழைபட்ட கதைகள். இனிக் கூறப்போவது மீட்பைச் சோம்பலால் ஒத்திவைத்ததன் கதை. 360இல் நான்காயிருந்த மிதவைப் புள்ளிப் பதிவகங்கள் வரவரப் பெருத்தன. இன்ரெலின் அண்மைக்கால முறைவழியாக்கிகள் சிலவற்றில் 64 பைற்று அகலமுடையன 32 உண்டு. இவை மட்டுமே 2048 பைற்றாகும். 104 பைற்றோடு ஒப்பிடுக. ஒவ்வொரு மாற்றத்திலும் இவற்றையெல்லாம் எழுதி எடுப்பது வீண் என்று பழைய நிரலாளர் கருதினர். பல நிரல்கள் இவற்றைத் தொடுவதேயில்லை. ஆதலின் மாறும்போது இவற்றை அப்படியே விட்டு, ‘தொடாதே’ என்னும் அடையாளத்தை மட்டும் நாட்டினர். புதியவன் தொட முயன்றால் பொறி தடைப்படும். அப்போது பழையவனுடையதை எழுதிவைத்துப் புதியவனுடையதை ஏற்றலாம். தொடாவிட்டால் உழைப்பு மிச்சம். 

பல்லாண்டு நன்மையாயிருந்த இச்சிக்கனம் 2018 யூனில் தீங்காய் வெளிப்பட்டது. யூலியன் ஸ்ரெக்லினா, தோமஸ் பிறெஷர் என்னும் இருவர், இக்கால முறைவழியாக்கி கட்டளைகளை முன்கூட்டியே ஊகித்து ஓட்டும் வழக்கமுடையதாதலின், தடையை உணர்வதற்குள் அடுத்தவனுடைய பதிவகத்தை வாசித்து, அதன் சாயலைத் தற்காலிக நினைவகத்தில் விட்டுவிடுகின்றது என்று காட்டினர். பின்பு தடை வருகின்றது, ஊகம் கைவிடப்படுகின்றது. சாயல் மட்டும் எஞ்சுகின்றது. அதனை அளந்து பதிவகத்தின் உள்ளீட்டை அறியலாம். அப்பதிவகங்களில் என்ன நிற்கும்? மறைகுறியாக்கத்திற்கென இன்ரெல் தந்த கட்டளைகள் திறவுகோலை வைப்பது அவற்றிலேயே. ஒரே வாடகைக் கணினியில் அடுத்தடுத்த மெய்நிகர் பொறிகளாய் ஓடும் இருவேறு வங்கிகளை எண்ணிப்பார்த்தால் இதன் கொடுமை விளங்கும். கொளுக்கியில் முதற் கப்பலின் சுமையைத் தொங்கவிட்டு, மேலே ஒரு துணியைப் போர்த்திய செயலையே இவ்வழக்கம் ஒத்தது. லினக்ஸ் முறைமை 2016அளவில் இவ்வழக்கத்தை விட்டிருந்தது. பாதுகாப்புக் கருதியன்று, எல்லா நிரல்களும் அப்பதிவகங்களைத் தொடத் தொடங்கிவிட்டமையால் ஒத்திவைத்தலில் இலாபம் இல்லாமற் போயிற்று என்பதே காரணம். மற்றையோர் அவசர அவசரமாக மாற்ற வேண்டியவராயினர்.

ஏட்டை எழுதுங் கணக்கனையே நம்பலாகாது என்னும் நிலையும் இதற்கிடையே வந்துவிட்டது. ஏ.எம்.டி. 2017இல் விவரித்த அமைப்பொன்றில், மெய்நிகர் பொறி வெளியேறும்போது அதன் பதிவகங்கள் மறைகுறியாக்கப்பட்ட பின்னரே நினைவகத்தில் எழுதப்படுகின்றன. கட்டுப்பாட்டு நிரலுக்கு எவற்றைக் காட்டுவது என்பதை உள்ளிருக்கும் முறைமையே தெரிந்து, ஒரு பொதுப் பக்கத்தில் எழுதிக்கொடுக்கும். கிறீசியின் காலத்தில் ஏடு முழுவதும் கட்டுப்பாட்டு நிரலின் உடைமையாயிருந்தமையை நோக்க, இது பெரியதொரு தலைகீழ் மாற்றம்.

இறுதியாக, நமக்கு அணித்தான ஒரு முயற்சியைக் குறிப்பிடல் வேண்டும். கலிபோர்னியாவின் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் 2010இல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் என்னும் கட்டளைத் தொகுதி எவர்க்கும் தடையின்றித் திறந்துவிடப்பட்டது. 370இன் முன்னே துளையட்டையோடு நின்ற அதே சென்னைக் கழகத்தில், இத்தொகுதியைத் தழுவிச் சக்தி என்னும் முறைவழியாக்கிக் குடும்பம் வகுக்கப்பட்டது. 2018இல் அதன் சில்லு ஒன்று அமெரிக்காவில் இன்ரெலின் ஆலையிலும் மற்றொன்று சண்டிகாரிலும் வார்க்கப்பட்டன. ரிஸ்க்-ஃபைவின்மேல் லினக்ஸின் மெய்நிகர் பொறி அமைப்பை இயக்கும் பகுதியைப் பெங்களூரிற் பணியாற்றிய அனுப் பட்டேல் தலைமையாக நின்று எழுதினார். 2019இல் அவர் அதனை முன்வைத்தபோதிலும் உடனே ஏற்கப்படவில்லை. ரிஸ்க்-ஃபைவின் மெய்நிகர் பொறி விரிவாக்கம் அப்போது இறுதிவடிவம் பெறாதிருந்தது; முற்றுப்பெறாத வரையறையை நம்பி எழுதியதை லினக்ஸ் பேணுநர் சேர்த்துக்கொள்ள மறுத்தனர். கடுமையான விதிதான். ஆயினும் மேலே கூறிய எக்ஸ்-86இன் கதையை அறிந்தவர், வரையறை தெளியுமுன் எழுதுவதன் இடரை மறுக்கமாட்டார். 2021இன் இறுதியில் விரிவாக்கம் ஏற்பளிக்கப்பட்டது. 2022 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸின் 5.16ஆம் பதிப்பில் அப்பகுதி இடம்பெற்றது.

மிதவைப் புள்ளிப் பதிவகங்களைப் பற்றி ரிஸ்க்-ஃபைவ் செய்த ஏற்பாடு எமக்கு மிகவும் உவப்பானது. அவை மாறியுள்ளனவா, மீட்டபோதிருந்தவாறே உள்ளனவா என்பதை வன்பொருளே இரு பிற்றில் எழுதிவைக்கின்றது. மாறாதிருந்தால் மீண்டும் எழுதிவைக்க வேண்டியதில்லை. பழைய சோம்பல் அடுத்தவன் வரும்போது இவன் பொருளை அகற்றாது விட்டது. இது இவன் பொருளின் பெயர்ப்பு ஏற்கனவே ஏட்டில் உள்ளது என்று அறிந்தே எழுதாது விடுகின்றது.

மாற்றத்தைச் செய்யும் நிரல்துண்டு எவரும் வாசிக்கத்தக்கதாய்த் திறந்து கிடக்கின்றது. நம் உயர்தர வகுப்பு மாணவர் ஒரு பிற்பகலில் வாசித்துவிடலாம். பூச்சியத்தையே எக்காலும் காட்டும் ஒன்றை நீக்கப் பொதுப் பதிவகங்கள் 31. இறுதிப் பதிவகத்தின் சிக்கலும் அங்கே காத்திருக்கின்றது. ஏட்டின் முகவரி ஏ-0 என்னும் பதிவகத்தில் நிற்க, ஏனைய முப்பதும் அதனைப் பற்றிக்கொண்டு ஒவ்வொன்றாய் மீட்கப்படுகின்றன. முன்னதாகவே அம்முகவரியின் பெயர்ப்பொன்று, நிரல்கள் தொடாத தனிப்பதிவகமொன்றில் ஒதுக்கிவைக்கப்பட்டிருக்கும். கடைசிக்கு முந்திய கட்டளை, ஏ-0 காட்டும் ஏட்டிலிருந்து ஏ-0வின் உள்ளீட்டையே எடுத்து ஏ-0வில் இடுகின்றது. அவ்வளவில் முகவரி அழிந்து, அவ்விடத்தில் மெய்நிகர் பொறியின் பொருள் அமர்கின்றது. அடுத்த கட்டளையில் பொறி விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கும். அது மீண்டும் தடைப்பட்டு வெளிவரும்போது கட்டுப்பாட்டு நிரல் செய்யும் முதற் காரியம், ஏ-0வையும் அவ்வொதுக்கிடத்தையும் ஒரே கட்டளையால் ஒன்றற்கொன்று மாற்றிக்கொள்வதாம். புதைத்த இடத்தின் முகவரி கைக்கு வந்துவிடுகின்றது. எஞ்சிய முப்பதும் அதன் பின்னர் எழுதப்படுகின்றன.